கல்டிவேட்டரில் தொங்கிய வயல்

ஆறு தன் பேரையும் புகழையும் மேற்கே இருக்கிற பெரிய ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீராக வந்து சேர்கிற கடைமடையில், உப்புக்காற்றுக்கும் நெற்பயிருக்கும் நடுவே, நாணல்திடல் என்று ஓர் ஊர் இருந்தது. பேரில்தான் திடல். மேடு என்று காட்ட அங்கே அம்மன் கோயில் படியைத் தவிர வேறொன்றும் கிடையாது. அப்படிப்பட்ட பள்ளத்து ஊரிலும் எல்லார் வயலையும்விடப் பள்ளமாக, பாட்டையிலிருந்து தொடையளவு கீழே கிடந்தது ஒரு வயல். அது உத்திராபதிக்கும் அவர் மனைவி தையல்நாயகிக்கும் சொந்தமாக இருந்தது.

ஐப்பசி மழை இறங்கினால் ஊர்த் தண்ணீரெல்லாம் வடிகாலுக்குப் போகிற வழியில் அந்த வயலில் தங்கி, இளைப்பாறி, போக மனமில்லாமல் மாதக்கணக்கில் குடியிருக்கும். நட்ட பயிர் அழுகும். மறுபடி நட்டால் மறுபடி அழுகும். மேல்வயல்காரர் அமிர்தகடேசன், உத்திராபதிக்குப் பெரியப்பா மகன், மழை வலுக்கும்போதெல்லாம் மண்வெட்டியோடு வந்து தன் வரப்பை வெட்டிவிடுவார். வெட்டாவிட்டால் அவர் பயிர் போய்விடும், வெட்டினால் தம்பி பயிர் போய்விடும். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று ஊருக்கும் தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் கல்யாண வீடுகளில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து, சாவு வீடுகளில் பாடையின் எதிரெதிர் முனையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமலே தலை நரைத்துப் போனார்கள்.

வயல் கொடுக்காத சோற்றை உத்திராபதிக்குக் கொடுத்து வந்தது ஒரு பழைய டிராக்டர். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்ட வண்டி. அதை ஓட்டி அவர் ஊரார் வயலையெல்லாம் வாடகைக்கு உழுதார். அந்த ஆவணியில் அதற்கும் ஒரு நோவு வந்தது. பின்பக்கம் கலப்பையைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் கைகள் இரண்டும், தூக்கியதைத் தூக்கியபடி நிறுத்தாமல், வயிற்றுவலிக்காரனைப் போல விட்டு விட்டு நடுங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். வரப்பில் திரும்பும்போது கல்டிவேட்டர் கலப்பை இறங்கி அடுத்தவன் வரப்பைக் கீறிவிட்டால் யார் வாடகைக்குக் கூப்பிடுவார்கள்?

டவுன் மெக்கானிக் செகபருக்கு உழவுக் காலத்தில் மூச்சுவிட நேரமில்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கிற புது சீல்களை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, போனிலேயே வழி சொன்னார். உத்திராபதி வண்டியைத் தன் வயலோரப் பாட்டையில், பின்பக்கம் வயலைப் பார்க்க நிறுத்தி, கல்டிவேட்டரைப் பள்ளத்து மண்ணில் இறக்கி ஊன்றினார். சீட்டுக்கு அடியில் இருக்கிற மூடியைக் கழற்றி, தேய்ந்த சீலை மாற்றி, மூடியதும், சக்கரங்களுக்கு நடுவே சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார். தையல்நாயகி சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு கையில் லிவரையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ரெண்டு நட்டு இருக்கா? ஒண்ணு லாக் நட்டு, ஒண்ணு அட்ஜஸ்ட் நட்டு," என்றது போன்.

"இருக்கு செகபரு."

"லாக் நட்ட ஒரு ஸ்பேனர்ல பிடிச்சிக்கிட்டு, மத்தத அரைச் சுத்து சுத்துங்க. உச்சிக்குத் தூக்கினப்புறம், கையால அந்த ரெண்டு கையையும் மேல நெம்பிப் பாருங்க. ஒரு விரக்கட ஆட்டம் இருக்கணும். ஆட்டம் இல்லேன்னா பம்பு ஓயாம முக்கிக்கிட்டே கெடக்கும், எங்கயாச்சும் வெடிச்சிரும். அந்த ஒரு விரக்கட ரொம்ப முக்கியம்."

"சரிப்பா. தையலு, லிவர மேல இழு."

அவள் இழுத்தாள். பம்பு ஒருமுறை கனைத்துவிட்டு இறுகியது.

"தூக்குதா?"

"தூக்குது."

"நடுங்குதா?"

"இல்லங்க. ஆனா வயலு தூக்குது."

உத்திராபதியின் மூக்கில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "எவ்வளவு?"

"ஒரு மொழம் இருக்கும். நாலு வரப்போடயும் வருது."

"வந்துட்டு எறங்குதா, நிக்குதா? அத சொல்லு மொதல்ல."

"நிக்குது."

"அப்ப சீலு சரியாயிட்டு," என்று சொல்லிவிட்டு அவர் லாக் நட்டை இறுக்கினார்.

வெளியே வந்து பார்த்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கல்டிவேட்டரின் கொழுக்கள் மண்ணைக் கவ்வியிருந்தன. கொழுக்களோடு வயல் முழுவதும், ஒரு முழ கனத்துக்கு, கட்டிலிலிருந்து மெத்தையை எடுப்பதுபோல எழும்பி, மூலைகள் தொய்யாமல், வரப்பில் நின்ற புல்கூட அசையாமல் காற்றில் நின்றது. உத்திராபதி குனிந்து அடியில் பார்த்தார். வெள்ளை மணலும் கிளிஞ்சலுமாக, எப்போதோ கடல் விட்டுப்போன தரை ஈரமாகக் கிடந்தது. லிவரை உச்சிக்கு இழுக்கச் சொன்னார். வயல் பாட்டைக்கு மேலே முழங்கால் உயரம் வந்து நின்றது. அடியில் ஓர் ஆள் குனிந்து நடந்து போகலாம். கைகளை நெம்பிப் பார்த்தார். ஒரு விரற்கடை ஆட்டம் இருந்தது. போனை வாங்கி, "எல்லாம் சரியா இருக்கு செகபரு, நல்லாயிருப்ப," என்று சொல்லி வைத்துவிட்டார்.

செய்தி ஊருக்குள் போனது. ஊர் வந்து பார்த்தது. டீக்கடைக்காரர், "இத்தன வருசம் பள்ளத்துல கெடந்துச்சு, இன்னிக்கு எழுந்திருச்சிட்டு. படுத்தவன் எழுந்திருக்கறது இல்லையா?" என்றார். தாலுகாவிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். நீளமும் குறையவில்லை, அகலமும் குறையவில்லை. உயரத்தைப் பற்றி அவரிடம் கேள்வி எதுவும் இல்லாததால் இளநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். மேயப்போன ஆடுகள் முதல் வெயிலிலேயே வயலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஆடுகளைத் தேடிப்போன பெண்கள் அந்த நிழலின் குளுமையைக் கண்டு, மறுநாள் தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து முடையத் தொடங்கினார்கள். தலைக்கு மேலே தொங்கிய வேர்களில் வெற்றிலைப் பையையும் தூக்குவாளியையும் மாட்டிக்கொண்டார்கள். மண்புழு எதுவும் மடியில் விழுந்தால் எடுத்து வரப்பில் விட்டார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வண்டி நகர்ந்தால் வயல் இறங்கிவிடும். வயல் நிற்க வேண்டுமென்றால் வண்டியும் அங்கேயே நிற்க வேண்டும். நடவு நெருங்கிக்கொண்டிருந்தது. உழவுக்குக் கூப்பிட்டவர்களிடம் என்ன சொல்வது என்று உத்திராபதி அன்று சாயங்காலம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எறக்கிட்டு ஓட்டப் போவட்டுமா தையலு? வாடகையில்லாம என்னாத்தத் திங்கறது?"

தையல்நாயகி வயலின் ஓரத்து மண்ணை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். "நான் நடவுக்குப் போறேன், களையெடுக்கப் போறேன். நீங்க கட்டட வேலைக்குப் போங்க. கல்யாணம் ஆயி வந்த நாள்லேருந்து இதுல நட்டு நட்டு அழுவ விட்டாச்சு. ஒரே ஒரு தடவ நம்ம நெல்ல நாம அறுத்துப் பாப்போமே."

ஊரிலேயே நடவாள் கூப்பிட்டார்கள். பெண்கள் நாற்றுமுடியோடு பாட்டையிலிருந்து வயலுக்கு ஒரு எட்டில் ஏறி, கால் சேற்றில் புதைய, கீழே ஆடுகள் அசைபோட, சம்பாவை நட்டு முடித்தார்கள். என்னதான் புது சீல் போட்டாலும் பழைய வண்டி பழைய வண்டிதானே, இரவெல்லாம் எண்ணெய் கசிந்து விடியும்போது வயல் நாலு விரல் இறங்கியிருக்கும். உத்திராபதி காலையில் போய் வண்டியை உறுமவிட்டு லிவரை இழுப்பார். வயல் மறுபடி மேலே வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊரில் பால் கறந்தார்கள், உலை வைத்தார்கள், பிள்ளைகளை எழுப்பினார்கள்.

ஐப்பசி மழை வந்தது. அமிர்தகடேசன் வழக்கம்போல மண்வெட்டியோடு வந்து தன் வரப்பை வெட்டினார். தண்ணீர் பாய்ந்தோடிப் பள்ளத்தில் இறங்கி, தங்குவதற்கு வயலைக் காணாமல், மணல்மேல் சலசலத்துக்கொண்டு நேரே வடிகாலுக்குப் போய்விட்டது. மேலே உத்திராபதியின் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. மிஞ்சிய மழைநீர் மடை வழியாகக் கூரைநீர் போலச் சொட்டியது. அமிர்தகடேசன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கே நின்றார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். உத்திராபதி தூரத்தில் நின்றதால், அல்லது தூரத்தில் நிற்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதால், மூடிக்கொண்டார்.

கார்த்திகையில் பயிர் பொதி கட்டியது. தையல்நாயகி தினமும் வேலை முடிந்து வந்து, பெற்ற பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தண்டை இரு விரலால் அழுத்தி, உள்ளே கதிர் தடித்திருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொள்வாள்.

அப்படி மழை ஓயாத ஒரு நாள் உச்சிப்பொழுதில், மேற்கே ஆற்றின் கரை உடைந்துவிட்டது என்று ஒருவன் மோட்டார் சைக்கிளில் கத்திக்கொண்டே வந்தான். அவன் சத்தம் ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீரும் வந்துவிட்டது. முதலில் வாய்க்கால் நிறைந்தது, பிறகு வாய்க்கால் எது வயல் எது என்று தெரியாமல் போனது, பிறகு வீட்டு வாசல்களில் அடுப்புச் சாம்பல் மிதந்தது. புயல் மழைக்கு ஊரார் ஓடி ஒளிகிற பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாலம் கண்ணெதிரே மூழ்கியது. ஜனங்கள் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு, படுத்த படுக்கையான பெரியவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, ஆடு மாட்டை இழுத்துக்கொண்டு பாட்டைக்கு வந்தார்கள். அம்மன் கோயில் படி மூழ்கியிருந்தது, பாட்டையிலும் கணுக்கால் தண்ணீர். அதற்கு மேல் ஊரில் உயரமாக இருந்தது அந்த வயல் ஒன்றுதான். அதைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றார்கள். ஆனால் ஒருவரும் ஏறவில்லை.

பொதிக் கதிரோடு நிற்கிற பயிரை எப்படி மிதிப்பது? அதுவும் உத்திராபதி வீட்டுப் பயிரை, காலமெல்லாம் ஊர்த் தண்ணீரில் அழுகிக்கொண்டிருந்த பயிரை? நிறைமாசக்காரியான ரேணுகாகூட வரப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாளே தவிர, காலைத் தூக்கி வைக்கவில்லை.

தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் வயலில் ஏறினாள். நட்ட நாளிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்த பயிரை இரண்டு கையாலும் அணைத்து, பக்கவாட்டில் சாய்த்து, முழங்காலால் அழுத்திப் படுக்கவைத்தாள். அடுத்த கத்தையையும் அப்படியே சாய்த்தாள். ஒரு பாய் அளவு இடம் வந்ததும் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மழையாக இருந்ததால் அவள் அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரேணுகா, வா, வந்து படு. மெத்து மெத்துன்னு இருக்கு. என்ன எல்லாரும் வேடிக்க பாக்குறீங்க? நெல்லு அடுத்த வருசமும் வெளையும். ஏறுங்க!"

அதன் பிறகுதான் ஏறினார்கள். முதலில் ரேணுகா, கட்டில்கள், பிள்ளைகள், பெண்கள், பிறகு மாடுகள், ஆடுகள், கோழிக்கூடை, அம்மன் கோயில் உற்சவர். ஏறியவர்கள் எல்லாரும் பயிருக்கு வலிக்குமோ என்பதுபோல விரல்நுனியில் நடந்தார்கள். அப்படி நடந்தும், ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊரின் கனத்தில் வயல் ஒரு சாண் இறங்கியது. உத்திராபதி சீட்டில் தாவி ஏறி வண்டியைக் கிளப்பி லிவரை இழுத்தார். வயல் முனகிக்கொண்டு மேலே வந்து, பழைய உச்சியில் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. டிராக்டரின் பெரிய சக்கரத்தில் பாதிவரை வந்தது. ஃபேன் தண்ணீரை வாரி அடிக்கவும், அவர் பெல்ட்டை அறுத்து எறிந்தார். காற்று இழுக்கிற குழாயும் புகைக்குழாயும் பானெட்டுக்கு மேலே இருந்ததால் வண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேலே பிள்ளைகளின் பாதத்தடியில் தண்ணீர் கசிந்தது.

இன்னும் தூக்க வேண்டும். லிவர் உச்சியில் இருந்தது. மிச்சம் இருந்தது அந்த ஒரு விரற்கடை ஆட்டம் மட்டும். நட்டைச் சுற்றி அதையும் எடுத்துவிட்டால் வயல் எழும்பலாம், பம்பு வெடிக்கலாம். வெடித்தால் ஊரோடு வயல் தண்ணீருக்குள் விழும். உத்திராபதி ஸ்பேனர் இரண்டையும் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு நட்டைத் தேடினார். கிடைத்தது. ஆனால் ஒரு கையால் லாக் நட்டைப் பிடித்தால், மறுகைக்கு வழுக்கியது. தண்ணீரின் வேகம் இழுத்தது. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது.

"என்னா செய்யணும்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அமிர்தகடேசன் வயலில் ஏறாமல், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

"நீங்க ஏண்ணே இன்னும் ஏறல?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏறுறது? என்னா செய்யணும்னு சொல்லு."

உத்திராபதி ஒரு ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நட்டில் பொருத்தினார். "இத ஆடாம பிடிங்க. நான் சுத்துறப்ப இதுவும் சேந்து சுத்தப் பாக்கும். விட்றாதீங்க."

"விடல. சுத்து."

மேலே லிவரைப் பிடித்துக்கொள்ளத் தையல்நாயகி சீட்டுக்கு இறங்கி வந்தாள். உத்திராபதி அரைச் சுற்றுச் சுற்றினார். பம்பு அதுவரை யாரும் கேட்டறியாத குரலில் அலறியது. இரும்பு முழுவதும் நடுங்கியது. அமிர்தகடேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, ஸ்பேனரைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, போதுமா? வெடிச்சிரும்போல இருக்கு."

"மேல பிள்ளைங்க கால் நனையுதுடா. சுத்து."

மறுபடி அரைச் சுற்று. அந்தக் கைகள் போகக்கூடிய வளைவு முடிந்துவிட்டது. முடிந்த இடத்துக்கு அப்பாலும் அவை போயின. வயல் ஒரு முழம் எழுந்தது. இன்னொரு அரைச் சுற்று. இன்னொரு முழம். மாடுகள் கத்தின, பெண்கள் அம்மனைக் கூப்பிட்டார்கள், வயல் டிராக்டரின் பானெட் உயரத்துக்கு வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. பம்பின் அலறல் மெல்ல மெல்ல ஒரு சீரான முனகலாக அடங்கியது. உத்திராபதி கைகளை நெம்பிப் பார்த்தார். அங்கே, இருக்கவே முடியாத அந்த உயரத்தில், ஒரு விரற்கடை ஆட்டம் இருந்தது.

"இருக்குண்ணே," என்றார். அமிர்தகடேசன் ஸ்பேனரை விடாமலே தம்பியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

ஊரே ஏறி நிற்கிற கனம், நேரமாக ஆக எண்ணெயைக் கசியவைத்தது. வண்டியை நிறுத்தினால் வயல் இறங்கும். அதனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் லிவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் கால் நனைய அந்தச் சீட்டில் ஊரார் முறை வைத்து உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் உட்கார்ந்தார், கோயில் பூசாரி உட்கார்ந்தார், கீற்று முடைகிற பெண்கள் உட்கார்ந்தார்கள். டிராக்டரையே தொட்டறியாதவர்கள், பிறந்த குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல அந்த லிவரைத் தாங்கினார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் மூழ்கிய பம்பு செட்டுகளுக்கு நீந்திப்போய், டீசல் கேன்களைத் தலைக்கு மேலே பிடித்துக் கொண்டுவந்தார்கள். அமிர்தகடேசன் மட்டும் முறை முடிந்தும் மேலே ஏறாமல், வண்டியின் சத்தம் மாறுகிறதா என்று கேட்டபடி மட்கார்டில் சாய்ந்தே இருந்தார். வெள்ளம் ஊரைக் கடந்து கடலுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு உயிர்கூடப் போகவில்லை, ஒரு கோழிக்குஞ்சுகூட.

தண்ணீர் வடிந்ததும் உத்திராபதி வயலைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர, ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்கள். நெற்பயிர் இருந்த இடத்தில் வைக்கோலும் சேறும் சாணமும் மட்டும் இருந்தன. தையல்நாயகியின் முன்னால் வந்து நின்றார்கள். நின்று, கையை எடுத்துக் கும்பிட்டார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "வூட்டப் போயி பாருங்க, என்ன ஆச்சோ," என்று அனுப்பிவைத்தாள். சாய்ந்துபோன பயிரைத் தூக்கி நிறுத்த முடியாது என்று தெரிந்தும் அன்று பொழுதெல்லாம் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றிரண்டைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். எல்லாரும் இருக்கிறார்கள் என்ற நிம்மதியும் பயிர் இல்லை என்ற துக்கமும் அவளுக்குள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஆனாலும் துக்கம் துக்கம்தான்.

வீடுகளுக்குள் வெள்ளம் முழங்காலளவு வண்டலை விட்டுப்போயிருந்தது. எங்கிருந்தோ அடித்து வந்த, கருத்த, பிசைந்த மாவு போன்ற மண். மறுநாள் காலையில் உத்திராபதி வண்டியைக் கிளப்பப் போனபோது, வயலுக்கு அடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். ஊர் அங்கே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வெட்டியெடுத்த வண்டலைப் பாட்டையில் கொட்டாமல், இரும்புச் சட்டியிலும் அன்னக்கூடையிலும் சுமந்துவந்து, அந்த மணல் தரையில் கொட்டி, காலால் மிதித்து, சமமாக நிரவிக்கொண்டிருந்தார்கள். குனிந்தபடியே வந்தார்கள், குனிந்தபடியே போனார்கள். ரேணுகாவின் புருஷன் கம்பு வைத்து மட்டம் பார்த்தான். அமிர்தகடேசன் தன் மேல்வயலின் மூலைமேட்டை வெட்டி, அந்த மண்ணையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது?"

"உன் வயலுக்குக் கீழ மெத்த போடுறோம். எறக்குனா எங்க வயலுங்களுக்குச் சமமா உக்காரணும். நீ பேசாம அந்தாண்ட போயி நில்லு, வழிய மறைக்காத."

உத்திராபதி அந்தாண்டை போய் நின்றார். நின்றவர் அப்படியே பாட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

பல நாள் சுமந்தார்கள். மண் வேண்டிய மட்டத்துக்கு உயர்ந்ததும், ஆட்களும் ஆடுகளும் அடியில் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உத்திராபதி சீட்டில் ஏறினார். சீட்டுக்கு அடியில், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைப் போகிற மட்டும் மூடி, ஒரு மயிரிழை மட்டும் திறந்து வைத்தார். சுற்றிலும் ஊரார் நின்று, தேவையில்லாவிட்டாலும், ஆளுக்கொரு கை கொடுத்து வயலைத் தாங்கிக்கொண்டார்கள். அவர் லிவரைக் கீழே தள்ளினார்.

வயல் இறங்கியது. தூங்கும் பிள்ளையைத் தோளிலிருந்து தொட்டிலுக்கு மாற்றுவதுபோல இறங்கி, வண்டல் மேல் அமர்ந்து, நாலு பக்கமும் காற்றை மெதுவாக வெளியே விட்டது. உத்திராபதி வண்டியை முன்னால் நகர்த்தி லிவரை இழுத்தார். கல்டிவேட்டர் மட்டும், கொழுக்களில் ஈரமண் ஒட்டியபடி, மற்ற வண்டிகளில் வருவதுபோலவே மேலே வந்தது. அதைக் கண்டும் ஒருவரும் வியக்கவில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் விளங்கியது.

தையல்நாயகி பாட்டையிலிருந்து வயலுக்கு நடந்தாள். ஏறவும் வேண்டியிருக்கவில்லை, இறங்கவும் வேண்டியிருக்கவில்லை. நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தாள். எல்லார் வயலும் தெரிந்தது, எல்லாரும் தெரிந்தார்கள். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்தது இதுதான்:

"எல்லாரும் கைகால கழுவிட்டு வாங்க. ஒல கொதிக்குது."

பாட்டையிலேயே பந்தி போட்டார்கள். வீட்டுக்கு வீடு மிஞ்சியிருந்த அரிசியை ஒன்றாகக் கொட்டி வடித்த சோறு, மொச்சைக் குழம்பு. பாதிப் பந்தியில் வானம் கறுத்து மழை இறங்கியது. எல்லாரும் இலையைக் கையால் மூடிக்கொண்டு, சாப்பிடுவதை விட்டுவிட்டு, வயலைப் பார்த்தார்கள். மழை விழுந்தது. தண்ணீர் சற்று நேரம் பளபளத்து நின்றது. பிறகு, மற்ற வயல்களின் தண்ணீரோடு தண்ணீராக, வடிகாலைப் பார்த்து நடந்து போனது.

இதை அவரிடம் காட்ட வேண்டுமென்று தையல்நாயகி புருஷனைத் தேடினாள். பந்தியில் இல்லை. மழைச் சத்தம் கேட்டால் கண்ணை மூடாத மனுஷன், கல்யாணமான நாளிலிருந்து எந்த ஐப்பசியிலும் முழுசாக ஒரு தூக்கம் தூங்கியறியாத மனுஷன், டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் மழை அடித்தது. அவள் எழுப்பக் குனிந்தாள்.

அமிர்தகடேசன் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். தன் தோள் துண்டை உதறி, இடது கையால் தம்பியின் தலைக்கு மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுப்பாதம்மா," என்றார். "தூங்கட்டும். மழை விடுற வரைக்கும் நான் பிடிச்சிக்கிறேன்."